கை சும்மா இருக்காத வயது

காலை ஆறேகாலுக்கு எங்கள் வீட்டில் முதல் டம்ளர் விழும். எவர்சில்வர் டம்ளர்; தரை மொசைக். சத்தம் அடங்குவதற்குள் இரண்டாவது முறையும் விழும். கீழ்வீட்டிலிருந்து அம்மா, "என்னடி, எந்திரிச்சுட்டாளா?" என்று குரல் கொடுப்பது அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான். மகளுக்குப் பதினெட்டு மாதம். ஏழு மணிக்குள் செருப்பு ஸ்டாண்டு காலியாகியிருக்கும். அரிசி டின்னின் மூடி கட்டிலுக்கு அடியில் கிடக்கும். சார்ஜர் ஒயர் வாயில் இருக்கும். அதைப் பிடுங்கினால் அடுத்த நொடி கை வாளித் தண்ணீரில் இருக்கும்.

வாலு, சேட்டை, குறும்பு, துறுதுறுப்பு என்று இந்த வயதுக்கு நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் எனக்குப் பிடித்தது 'கை சும்மா இருக்காது' என்பதுதான். மற்றவை குழந்தையின் குணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்கின்றன. இது கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறது. அந்தக் கையையும் அதற்குத் துணை போகும் காலையும் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால், நாம் சேட்டை என்று சொல்வதில் பெரும்பகுதி உழைப்பு என்று தெரியவரும்.

டம்ளரிலிருந்தே தொடங்குகிறேன். சுவிட்சர்லாந்தின் நியூஷாடெல் ஊரில் 1896-இல் பிறந்த ழான் பியாஜே, குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர். தன் மூன்று பிள்ளைகளையும் தொட்டில் பருவத்திலிருந்து கவனித்து, நாள் குறித்து எழுதிவைத்தார். 1936-இல் வந்த அவருடைய நூலில் மகன் லோரானைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. பத்து மாதக் குழந்தை மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒரு பொம்மை அன்னத்தையும் சின்னப் பெட்டியையும் ஒவ்வொன்றாகக் கீழே விடுகிறான். ஒருமுறை கையைப் பக்கவாட்டில் நீட்டி விடுகிறான். ஒருமுறை முகத்துக்கு மேலே தூக்கி விடுகிறான். புதிய இடத்தில் விழுந்தால் அதே இடத்தில் இன்னும் இரண்டு மூன்று முறை விட்டுப் பார்க்கிறான். பிறகு இடத்தை மாற்றுகிறான். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைத்து, விளைவைப் பார்ப்பது. ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வதும் அதுதான். ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயது வரை இந்த வகைச் சோதனை உச்சத்தில் இருக்கும் என்று பியாஜே கருதினார்.

பியாஜேயின் முடிவுகள் சிலவற்றைப் பின்வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். இந்த ஒரு கவனிப்பு மட்டும் மேலும் வலுத்தது. 2015-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி ஸ்டால், லிசா ஃபைகன்சன் இருவரும் பதினொரு மாதக் குழந்தைகளுக்குச் சில வித்தைகளைக் காட்டினார்கள். பந்து ஒன்று சுவரை ஊடுருவிப் போவதுபோல ஒரு காட்சி. விளிம்பைத் தாண்டிய பிறகும் பொம்மை கார் விழாமல் அந்தரத்தில் நிற்பதுபோல இன்னொரு காட்சி. பிறகு அந்தப் பொருளைக் குழந்தையின் கையிலேயே கொடுத்தார்கள். சுவரைத் துளைத்த பந்தை வாங்கிய குழந்தைகள் அதைத் தட்டிப் பார்த்தன, கெட்டியானதுதானா என்று. அந்தரத்தில் நின்ற காரை வாங்கியவை அதைக் கீழே போட்டுப் பார்த்தன, விழுகிறதா என்று. எதில் சந்தேகமோ அதற்கேற்ற சோதனை. பதினொரு மாதத்தில்!

இதைப் படித்த பிறகு டம்ளர் சத்தத்தை நான் வேறு மாதிரி கேட்கிறேன். மொசைக் தரையில் 'டங்'. பாயில் 'தொப்'. என் கால் விரலில் விழுந்தால் வேறொரு சத்தம். அது டம்ளரிலிருந்து வருவதில்லை. மூன்றாவது வகையின்போது அவள் டம்ளரைப் பார்ப்பதே இல்லை, என் முகத்தைத்தான் பார்க்கிறாள்.

இனி கால். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் பல ஆண்டுகளாகக் குழந்தைகளின் நடையை அளந்துவருகிறார். 12 முதல் 19 மாதக் குழந்தைகளை விளையாடவிட்டு, ஒவ்வொரு அடியையும் எண்ணி, 2012-இல் அவருடைய குழு வெளியிட்ட கணக்கு இது: சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2,368 அடிகள், கடந்த தூரம் 701 மீட்டர், விழுந்தது 17 முறை. ஒரு நாளில் ஆறு மணி நேரம் தரையில் நடமாடினால் பதினாலாயிரம் அடிகள், நான்கு கிலோமீட்டருக்கு மேல், நூறு விழுகைகள். இதை நான் வீட்டில் சோதித்துப் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்து வரை, விழும்போதெல்லாம் சுவரில் மாட்டிய காலண்டரின் ஓரத்தில் ஒரு கோடு. பதினான்கு கோடுகள் ஆயின. அழுதது ஒரே ஒரு முறை. அதுவும் நான் பதறி ஓடிப்போய்த் தூக்கியதற்குப் பிறகு.

"விடுடி. விழுந்து எந்திரிக்கட்டும். நீ பதறுறதப் பாத்துத்தான் பிள்ள அழுகுது," என்றார் அம்மா.

அம்மா சொன்னதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது. அதே அடால்ஃபும் டான்யாங் ஹான் என்பவரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளின் நூற்றுக்கணக்கான விழுகைகளை ஒளிப்பதிவிலிருந்து அலசினார்கள். மிகச் சில விழுகைகளில்தான் குழந்தை சிணுங்கியது. பெரும்பாலும் சில நொடிகளில் எழுந்து, விட்ட இடத்திலிருந்து விளையாட்டைத் தொடர்ந்தது. காரணத்தின் ஒரு பகுதி எளிய இயற்பியல். பத்து கிலோ எடையுள்ள குழந்தையின் எடை மையம் தரையிலிருந்து சுமார் 40 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விழும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 40 ஜூல். அறுபது கிலோ எடையில், 90 செ.மீ. உயரத்தில் மையம் உள்ள பெரியவருக்கு அது 530 ஜூலுக்கு அருகில் வரும். பதின்மூன்று மடங்கு! நாம் விழுந்தால் எப்படி வலிக்கும் என்பதை மனதில் வைத்துத்தான் குழந்தை விழும்போது பதறுகிறோம். அவளுடைய உலகத்தில் தரை பக்கத்தில் இருக்கிறது.

அடால்ஃபின் ஆய்வுகளில் என்னை மிகவும் உலுக்கியது வேறொன்று. தவழத் தொடங்கிய குழந்தைகளைச் சரிவுப் பலகையில் விட்டபோது, புதிதாகத் தவழ்பவை எவ்வளவு செங்குத்தான சரிவிலும் துணிந்து இறங்கின. கீழே பிடித்துக்கொள்ள ஆள் நிற்க வேண்டியிருந்தது. வாரக்கணக்கில் தவழ்ந்து பழகியவை, எந்தச் சரிவு தன்னால் முடியும், எது முடியாது என்று கணித்து நின்றன. சரி, கற்றுக்கொண்டுவிட்டது என்று நினைப்போம். அதே குழந்தை நடக்கத் தொடங்கியதும், அதே சரிவில், கொஞ்சமும் யோசிக்காமல் காலை வைத்தது. தவழும் உடம்பில் கற்றது நடக்கும் உடம்புக்கு உதவவில்லை. முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. "போன மாசம் கட்டில் ஓரத்துல நின்னு திரும்புனா, இப்ப நேரா குதிக்கிறா" என்று தாய்மார் சொல்வதை எத்தனை முறை கேட்டிருப்போம்! பிள்ளை அடம்பிடித்து மறப்பதில்லை. நடப்பது புது உடம்பு. அதன் கணக்கும் புதுசு.

இன்னும் ஒரு கேள்வி உண்டு. எங்கே போவதற்காக இவ்வளவு நடை? பொம்மைகள் நிறைந்த அறையிலும் ஒன்றுமே இல்லாத வெற்று அறையிலும் குழந்தைகளை விட்டுப் பார்த்தார்கள் அடால்ஃபின் குழுவினர். வெற்று அறையிலும் கிட்டத்தட்ட அதே அளவு நடந்தார்கள். போய்ச் சேரும் இடம் பெரிதல்ல, போவதுதான் விஷயம். அதனால்தான் ஒரு கூடை பொம்மை வாங்கிக் கொடுத்தும் 'ஒரு இடத்தில் உட்காரமாட்டேன் என்கிறது' என்ற குறை தீர்வதில்லை. நம் ஊர்த் தச்சர்கள் செய்த மூன்று சக்கர நடைவண்டியை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். அது குழந்தையை உட்காரவைப்பதில்லை. தன் காலில் நின்று தள்ளவைக்கிறது. உள்ளே உட்காரவைத்துக் கால் நுனியால் உந்தச் செய்யும் பிளாஸ்டிக் வாக்கர் அப்படியல்ல. படிக்கட்டில் உருளும் விபத்துகளால் கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. இரண்டுக்கும் நாம் ஒரே பெயர் வைத்துவிடக் கூடாது.

இவ்வளவு ஓட்டத்துக்கும் எரிபொருள் எங்கிருந்து வருகிறது? ஹெர்மன் பான்ட்சர் தலைமையிலான பன்னாட்டுக் குழு, பிறந்து எட்டு நாளான சிசு முதல் 95 வயது முதியவர் வரை 6,400-க்கும் மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவைத் திரட்டி 2021-இல் வெளியிட்டது. உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், ஒரு வயதுக் குழந்தையின் உடல் பெரியவரைவிட ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதலாக எரிக்கிறது. மனித வாழ்நாளில் அதைவிட வேகமாக எரியும் காலம் கிடையாது. அதற்குப் பிறகு இருபது வயது வரை மெல்லக் குறைகிறது. குதித்துத் தீர்த்தால் அடங்கிவிடும் மிச்சச் சக்தி என்று இதை எண்ணிவிடக் கூடாது. அவள் தூங்கும்போதும் எரிகிறது. எலும்பும் தசையும் கட்டப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, மூளை வளர்கிறது. கிறிஸ்டோபர் குசாவாவின் குழு 2014-இல் கணித்தபடி, ஐந்து வயதை ஒட்டி உடலின் அன்றாட ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மூளைக்கே போகிறது. அந்த மலையேற்றத்தின் நடுவில் இருக்கிறாள் என் மகள்.

என்ஜின் இப்படி. பிரேக்?

'தொடாதே' என்றால் தொடுகிறாள். புரியாமல் அல்ல. 'செருப்பை எடுத்துட்டு வா' என்றால் எடுத்துவரும் குழந்தைக்கு 'தொடாதே' மட்டும் புரியாமல் போகுமா? மாஸ்கோவில் அலெக்சாண்டர் லூரியா 1950-களில் செய்த சோதனை இதற்கு ஒரு விடை தருகிறது. குழந்தையின் கையில் ஒரு ரப்பர் பல்பைக் கொடுத்து, 'அழுத்து' என்றார். அழுத்தியது. 'அழுத்தாதே' என்றார். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள் பலர் இன்னும் பலமாக அழுத்தினார்கள். சொல், செயலைத் தொடங்கிவைக்கிறது. நிறுத்திவைக்கும் பலம் அந்த வயதில் சொல்லுக்கு இல்லை. தொடங்கிய கையைப் பிடித்து நிறுத்த வேண்டிய முன்நெற்றி மூளைப் பகுதிதான் கடைசியாக முதிர்வது. இருபத்தைந்து வயதுவரைகூட அதன் வேலை முடிவதில்லை. தமிழில் 'தொடு' முதலில் வந்துவிடுகிறது, மறுப்பு வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதுவும் ஒரு காரணமோ என்று நான் யோசித்ததுண்டு. ஆனால் மறுப்புச் சொல் முன்னால் வரும் ரஷ்ய மொழியில்தானே லூரியாவின் குழந்தைகளும் அழுத்தினார்கள்! சிக்கல் இலக்கணத்தில் இல்லை.

லூரியா ஒரு வழியும் கண்டார். 'அழுத்தாதே' என்பதற்குப் பதிலாக, 'அழுத்திவிட்டுக் கையை முழங்காலில் வை' என்றால் குழந்தையால் நிறுத்த முடிந்தது. நிறுத்து என்று சொல்லாமல், அடுத்த வேலையைச் சொல்வது. இதை நான் வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டவில்லை, மனதில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

நம் முன்னோர் இதையெல்லாம் கவனிக்காமல் இல்லை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுக்கும் பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கு வைத்திருக்கின்றன. ஐந்தாம் மாதம் செங்கீரை: கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி: கைகொட்டுவது. பதின்மூன்றாம் மாதம் வருகை: நடந்து வா என்று அழைப்பது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் அளந்து 2006-இல் வெளியிட்ட கணக்கில், குழந்தை தனியாக நடக்கும் சராசரி வயது 12 மாதத்தைச் சற்றுத் தாண்டி வருகிறது. 8 மாதத்திலிருந்து 17 மாதத்துக்குச் சற்று மேல் வரை எப்போது நடந்தாலும் இயல்புதான். கணக்கு இவ்வளவு நெருங்கி வருவது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு. பதினேழாம் மாதத்துக்குப் பிறகு ஆண்பாலுக்கு வைத்தவை சிறுபறை கொட்டுதல், சிற்றில் சிதைத்தல், சிறுதேர் உருட்டுதல். அதாவது சத்தம் எழுப்புவது, கட்டியதை உடைப்பது, எதையாவது இழுத்துக்கொண்டு போவது. பெண்பாலுக்கு வைத்த அம்மானை, நீராடல், ஊசல் மூன்றும் எறிவது, தண்ணீரில் அளைவது, ஆடுவது. என் மகள் ஆறையும் காலை எட்டுக்குள் முடித்துவிடுகிறாள். கவிஞர்கள் இந்தச் சேட்டைக்குக் கடவுளின் இடத்தைக் கொடுத்தார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

சாப்பாடு தனிப் போராட்டம். தயிர்சாதம் தலையில், தரையில், என் சேலையில். அயோவா பல்கலைக்கழகத்தில் பதினாறு மாதக் குழந்தைகளை உயரநாற்காலியில் உட்காரவைத்து, கூழ், குழம்பு போன்ற வடிவமற்ற பொருள்களைக் கொடுத்துப் பெயர் சொல்லிக் காட்டினார்கள். பிசைந்து, பூசி, வீசிப் பார்த்த குழந்தைகள் அந்தப் பெயர்களை நன்றாகக் கற்றன. கல்லுக்கு வடிவம் உண்டு, கண்ணால் அடையாளம் காணலாம்; கூழை அறிய கையை விட்டால்தான் உண்டு. இதைப் படித்த நாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் பழைய பேப்பரை விரித்துவிட்டு உட்காருகிறேன். துடைப்பது என் வேலை. அளைவது அவள் வேலை.

பிற்பகல் இரண்டு மணிக்கு வருவது ஆர்ப்பாட்டம். தரையில் விழுந்து, காலை உதைத்து, அழுகை. மைக்கேல் பொட்டிகல், ரிச்சர்ட் டேவிட்சன் இருவரும் முன்னூறுக்கு மேற்பட்ட குழந்தைகளின் இத்தகைய ஆர்ப்பாட்டங்களைப் பெற்றோரிடம் கேட்டுத் தொகுத்து 2003-இல் எழுதினார்கள். முக்கால்வாசி ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. கோபம் ஆரம்பத்தில் ஏறி இறங்கிவிடுகிறது; அடியில் துக்கம் தங்கி நிற்கிறது. எனவே கத்தல் குறைந்து விசும்பலாகும் நேரம்தான் மடியில் எடுத்துக்கொள்ள வேண்டிய நேரம். எங்கள் வீட்டில் பெரும்பாலும் மூலகாரணம் தூக்கம். இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம் வேண்டும். அது குறைந்தால் பெரியவர்களைப்போல் சோர்ந்து உட்காருவதில்லை. இன்னும் ஆட்டம் போடுகிறார்கள். 'தூக்கமே வராத பிள்ளை' என்று நினைத்து, நாம் இன்னும் தாமதமாகப் படுக்கவைக்கிறோம்.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் தயங்கியபடியே கேட்டார், "இவளுக்கு ஹைப்பர்ஆக்டிவ்வா இருக்குமோ?" கேட்டதில் தவறில்லை. ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதலே கவனக்குறைவு, மிகைச்செயல் கோளாறுக்கான மதிப்பீட்டை நான்கு வயதிலிருந்துதான் தொடங்கச் சொல்கிறது. ஒன்றரை வயதில் ஓடுவதும் ஏறுவதும் அந்த வயதின் லட்சணம். ஓட்டத்தைவிட வேறு சிலவற்றைத்தான் பார்க்க வேண்டும்: பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறதா, நம் முகத்தைப் பார்க்கிறதா, ஒன்றிரண்டு சொற்களாவது வந்துவிட்டனவா. இவற்றில் ஐயம் இருந்தால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். 'ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்' என்று தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சோதனை செய்பவருக்கு ஆய்வுக்கூடம் பாதுகாப்பாக இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு முழுக்க நம்முடையது. பிரேக் இல்லாத வண்டியைத் திட்டிப் பயனில்லை, பாதையைச் சரிசெய்ய வேண்டும். இந்த வயதில் உடலின் நீளத்தில் தலையின் பங்கு பெரிது. வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால், தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளக் கைகளுக்கு வலு இல்லை. சில அங்குலத் தண்ணீரே உயிரை எடுத்துவிடும். அதனால் குளியலறை வாளி எங்கள் வீட்டில் எப்போதும் கவிழ்ந்தே இருக்கும். மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் குடிதண்ணீர் பாட்டிலில் இருக்கக் கூடாது. குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கவும் கூடாது. நுரையீரலுக்குள் போவதுதான் அதில் பெரிய ஆபத்து. ரிமோட்டிலும் பாட்டுப் பாடும் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். வலி தெரியும் வரை காத்திருக்க நேரமில்லை, உடனே மருத்துவமனை. இவை நீங்கலாக மற்ற பலவற்றில் நான் 'தொடாதே'யைக் கைவிட்டேன். கீழ்த்தட்டில் உடையாத பாத்திரங்கள், மேல்தட்டில் கண்ணாடி.

மழை பெய்த ஒரு மாலை. வெளியே போக முடியவில்லை. சோபாவின் கைப்பிடியில் ஏறி நின்று ஜன்னல் கம்பியை உலுக்கிக்கொண்டிருந்தாள். "ஏறாத, ஏறாத" என்று நான் நாலு முறை சொல்லியாயிற்று. அம்மா கீழிருந்து உருளைக்கிழங்குக் கூடையோடு வந்தார். லூரியாவைப் பற்றி அம்மாவிடம் நான் பேசியதே இல்லை.

"பாப்பா, இங்க வா. அம்மாச்சிக்கு இந்தக் கிழங்க எல்லாம் அந்த டப்பால கொண்டுபோயி போடணுமே."

இறங்கிவிட்டாள். ஒரு கிழங்கை இரண்டு கையாலும் தூக்கி, வயிற்றோடு அணைத்து, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டாள். 'தொப்' என்றது. உள்ளே எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து அடுத்ததை எடுத்தாள். நடுவில் இரண்டு முறை விழுந்தாள். கிழங்கு உருண்ட திசையைப் பார்த்துத் தவழ்ந்து போய் எடுத்து, மறுபடி எழுந்து நடந்தாள். இருபத்திரண்டு கிழங்குகள், இருபத்திரண்டு நடை. மழை விட்டதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை. கூடை காலியானதும் அதைக் குனிந்து பார்த்து, கைவிட்டுத் துழாவி, ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தலையில் கவிழ்த்துக்கொண்டாள். கூடைக்குள்ளிருந்து "அம்மாச்சி" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். குரல் வேறு மாதிரி கேட்டிருக்க வேண்டும். கூடையைக் கழற்றி ஒருமுறை கூப்பிட்டாள். திரும்ப மாட்டிக்கொண்டு இன்னொருமுறை.